குறையுள்ள இல்லமும் நிறைவுள்ள நெஞ்சமும்

இல்லறத்தைப் பற்றிப் பேசப் புகுவோர் பெரும்பாலும் குறையற்ற ஓர் இல்லத்தையே கண்முன் நிறுத்திப் பேசுகின்றனர். அங்கே கணவன் இன்சொல்லன், மனைவி பொறுமையின் வடிவம், மாமி மருமகளை மகளெனப் போற்றுபவள், மக்கள் கல்வியிற் சிறந்தோர், கூரை ஒழுகுவதில்லை, மாதக் கடைசியில் அரிசிப்பானை வெறுமையாவதில்லை. அத்தகைய இல்லத்தில் மனநிறைவோடு வாழும் வழியை எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நம்மிற் பெரும்பாலார் பிறந்து வளர்ந்த இல்லங்களோ அத்தகையன அல்ல. ஆதலின், குறையுள்ள இல்லத்தில் ஒரு கிறிஸ்தவ இல்லாள் மனநிறைவு காண்பது எங்ஙனம், அம்மனநிறைவு எதனைப் பொறுக்கும், எதனைப் பொறாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இல்லறம் நடத்தி அறியாத மாணவர் இதனைக் கூறத் தகுவரோ எனச் சிலர் வினவலாம். யாம் இல்லம் நடத்தியவர் அல்லேமாயினும், ஓர் இல்லாளின் உழைப்பில் உண்டு வளர்ந்தவர். அக்கடனே எம்மை எழுதத் தூண்டிற்று.

இப்பொருளை எமக்கு நினைப்பூட்டியது ஜவ்வாது மலை. கீழைத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றாகிய இது திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களிற் பரந்து கிடக்கின்றது. செய்யாறு இம்மலையிலே பிறக்கின்றது. இதன் அடிவாரத்துச் செங்கமே பண்டை நாளில் நன்னன் ஆண்ட செங்கண்மா என்பர். அவ்வரசனைக் காணச் செல்லும் கூத்தரை ஆற்றுப்படுத்தி இரணிய முட்டத்துப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. அதில் எம் உள்ளத்தைக் கவர்ந்தது அரசனது கொடையைக் காட்டிலும் வழியிலுள்ள மலைவாழ் மக்களின் விருந்தே. அவர்தம் சிறுகுடிக்குள் தயங்காமற் புகலாம், உறவினரைப்போல் உரிமையோடு பழகலாம், தினைச்சோறு உண்ணலாம் எனப் புலவர் வழிப்போக்கர்க்கு உரைக்கின்றார். சிறிய வீடு பெரிய விருந்துக்குத் தடையன்று என்பதை இம்மலைச்சாரல் ஈராயிரம் ஆண்டுகட்கு அணித்தாகவே அறிந்திருந்தது.

இந்நாளில் அங்கு வாழும் பழங்குடியினர் மலையாளிகள் எனப்படுவர். இப்பெயர் கொண்டு அவரைக் கேரள நாட்டவர் என மயங்கலாகாது. அவர் தமிழ் பேசும் மலைவாணரே. அவர்தம் தோற்றத்தைப் பற்றிய வழிவழிக் கதை ஒன்றை எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ என்னும் நூலில் காணலாம். கங்குந்தி என்னும் இடத்து வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டு, இகழப்பட்டுச் சினந்து, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனராம். அவரை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் தனித்துத் திரும்புமாயின் தாம் இறந்ததாகக் கொண்டு ஈமக்கடன் செய்க எனத் தம் மனைவியரிடம் சொல்லிச் சென்றனர். பாலாற்றில் வெள்ளம் பெருகியிருந்தது. ஆடவர் வருந்திக் கரையேறினர். நாய்களோ பாதியாற்றில் திரும்பி வீடு சேர்ந்தன. வேடரை வென்று கன்னியரோடு மீண்ட ஆடவர், தமக்கு ஈமக்கடன் முடிந்துவிட்டதையும், தம் மனைவியர் கைம்பெண்கள் ஆகிவிட்டதையும், ஊரார் தம்மை ஏற்க மறுப்பதையும் கண்டனர். பின்னர் அவர்கள் வேடர் மகளிரை மணந்து ஜவ்வாது மலையேறி உழவு செய்து வாழ்ந்தனர் என்பது கதை.

இதனை வரலாறென யாம் சாதிக்கப் புகவில்லை. ஆயினும், தம் முன்னோரைப் பழுதற்ற பெருங்குடியினராக மட்டும் காட்டும் கதைகளிடையே, இழந்த இல்லம், கைம்மை பூண்ட மனைவியர், பகைவர் குலத்துப் பெண்டிர் ஆகிய இத்தனை முறிவுகளினின்றும் ஒரு குடி தோன்றியதாகச் சொல்லும் இக்கதை நம்மைச் சிந்திக்கச் செய்கின்றது. தான் கருதிய இல்லம் கைகூடாதவர்க்கும் இல்லம் உண்டு என்பதே அதன் பொருளென யாம் கொண்டோம்.

நிற்க. சென்ற ஆண்டு ஐப்பசி மழைநாளில், நாட்டு நலப்பணித் திட்டத்தின் ஏழு நாள் முகாமுக்காக யாம் சிலர் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு சிற்றூரில் தங்கியிருந்தோம். அவ்வூரில் இருந்த ஒரு கிறிஸ்தவ இல்லத்தில் எமக்கு இருவேளை உணவு கிடைத்தது. அவ்வில்லத்தின் ஓட்டுக்கூரை ஒரு மூலையில் ஒழுகியது. அங்கே ஒரு அலுமினியக் குண்டான் வைக்கப்பட்டிருந்தது. கணவர் ஆண்டிற் பாதிநாள் கேரளத்துத் தோட்டங்களுக்கு வேலைக்குச் செல்பவர். அவர்தம் தாயார் கிறிஸ்தவர் அல்லர், வேடியப்பனை வணங்குபவர், சொல்லில் சற்றே கடுமையுடையவர். மூத்த மகன் பள்ளியை நடுவில் விட்டவன். இளைய மகள் மட்டும் விடாது படித்துவந்தாள்.

அவ்வம்மையார் நாள்தோறும் காலையில் திண்ணையருகே சாமை குத்துவார். சாமை அம்மலையின் தொன்மையான கூலம். அதன் உமி மணியோடு இறுகப் பற்றியிருப்பதால், உரலில் இட்டுக் குத்தி, முறத்திற் புடைத்து, மீண்டும் குத்தி, மீண்டும் புடைத்தாலன்றி அரிசி வெளிப்படாது. அரைவை ஆலை தொலைவில் இருந்ததால் வீட்டுக்கு வேண்டிய அளவை அவர் கையாலேயே குத்திவந்தார். ஒருநாள் எம்முள் ஒருவர், “இத்தனை தொல்லைக்கிடையில் எப்படி அம்மா சிரித்த முகமாய் இருக்கிறீர்கள்?” என்று கேட்டார். அவர் அதற்கு விடை கூறவில்லை. “உங்கள் வீட்டில் முதலில் எழுந்திருப்பது யார், பிள்ளைகளே?” என்று கேட்டார். “அம்மா” என்றோம். “கடைசியில் சாப்பிடுவது?” என்றார். “அம்மா” என்றோம். “அப்படியானால் என்னை ஏன் கேட்கிறீர்கள்? ஊருக்குப் போய் அவரைக் கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் புடைக்கத் தொடங்கினார். யாம் நாணித் தலைகுனிந்தோம்.

அந்த வினாவை உள்ளத்திற்கொண்டு வேதாகமத்தை நோக்குவோமாக. பவுல் அப்போஸ்தலர் பிலிப்பியர்க்கு எழுதிய நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், எந்நிலையிலும் நிறைவோடிருக்கத் தாம் கற்றுக்கொண்டதாகக் கூறுகின்றார். அவ்விடத்துக் கிரேக்கச் சொல்லை நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு ‘மனரம்மியம்’ எனத் தருகின்றது. அதே வேரினின்று பிறந்த சொல் தீமோத்தேயுவுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் வருங்கால், ‘போதுமென்கிற மனம்’ எனத் தமிழாகின்றது. ஒரு வேர்ச்சொல்லுக்கு இரு தமிழுரைகள் அமைந்தமை நமது நற்பேறே. ‘போதும்’ என்பது ஆசைக்கு இடும் வரம்பு; ‘மனரம்மியம்’ என்பது அவ்வரம்புக்குள் உள்ளம் காணும் இனிமை. வரம்பு மட்டும் இருந்து இனிமை இல்லையேல் அது வெறும் அடக்கம். இனிமை மட்டும் இருந்து வரம்பு இல்லையேல் அது நெடுநாள் நில்லாது.

இச்சொல் அக்காலத்து ஸ்தோயிக்கர் என்னும் தத்துவ ஞானியர் பெரிதும் கையாண்ட சொல். பிறர் எவரையும் வேண்டாது தன்னில் தானே நிறைந்திருத்தல் என்பதே அவர் கொண்ட பொருள். பவுலோ அச்சொல்லைக் கைக்கொண்டு, தம் நிறைவுக்குத் தாமல்லர், தம்மைப் பலப்படுத்தும் கிறிஸ்துவே காரணம் என மாற்றியுரைத்தார். இன்னும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, அவர் இதனைச் சிறையிலிருந்து எழுதினார். ‘கற்றுக்கொண்டேன்’ என்றே எழுதினார். எனவே நிறைவு பிறவிக் குணமன்று. சாமையரிசிபோல் பன்முறை குத்திப் புடைத்தபின் கிட்டுவது. இரண்டாவது, அதே இடத்தில் அவர் பிலிப்பியர் எப்பாப்பிரோதீத்துவின் கையில் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டு, தம் துன்பத்தில் அவர்கள் பங்குகொண்டது நன்று எனப் பாராட்டுகின்றார். நிறைவுள்ளவர்க்கு உதவி வேண்டியதில்லை என்பார் இவ்விடத்தை ஊன்றிப் படிப்பாராக.

இனி, இல்லத்தின் குறைகளைப் பற்றிச் சிறிது காண்போம். தமிழில் ‘குறை’ என்பதும் ‘குற்றம்’ என்பதும் வேறு வேறு. இருக்க வேண்டியது இல்லாமை குறை. செய்யத் தகாததைச் செய்தல் குற்றம். ஒழுகும் கூரை குறை, பொருட்சுருக்கம் குறை, நோய், முதுமை, ஒத்த நம்பிக்கை இன்மை, வேறுபட்ட இயல்புகள் ஆகியவையும் குறைகளே. இவற்றைத் தாங்கிக்கொண்டே அன்பில் வளர முடியும்; இயன்றவற்றை மெல்லத் திருத்தவும் கூடும். நம் ஆண்டவர் வளர்ந்த நாசரேத்து இல்லமும் குறையற்றதன்று. அவர்தம் சகோதரர் நால்வரின் பெயரையும் சகோதரிகள் இருந்தமையையும் மாற்கு ஆறாம் அதிகாரத்தில் உரைக்கின்றார். அச்சகோதரர் அவரை நம்பவில்லை என யோவான் ஏழாம் அதிகாரத்தில் மறையாது எழுதுகின்றார். அன்னை மரியாள் அத்தகைய பிளவுபட்ட இல்லத்தின் தலைவியாயிருந்தார். பின்னர் அதே சகோதரர் அன்னையோடு மேல்வீட்டில் ஒருமனப்பட்டு மன்றாடியதை அப்போஸ்தலர் நடபடிகளின் முதலாம் அதிகாரம் காட்டுகின்றது. இடைப்பட்ட ஆண்டுகளை அவ்வன்னை எவ்வாறு கழித்தார் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

லீஸ்திராவில் வாழ்ந்த ஐனிக்கேயாளின் இல்லமும் அத்தகையதே. அவள் விசுவாசமுள்ள யூதப் பெண், கணவன் கிரேக்கன். நம்பிக்கை ஒன்றாத அவ்வில்லத்தில், தன் தாய் லோவிசாளின் துணையோடு அவள் வளர்த்த மகனே தீமோத்தேயு. இல்லம் முழுதும் ஒருமனமாகும்வரை மகனுக்கு வேதம் கற்பிப்பதை அவள் தள்ளிவைத்திருந்தால், திருச்சபை ஓர் ஊழியனை இழந்திருக்கும். யாம் கண்ட மலையில்லத்திலும் இதனையொத்த ஒன்றைக் கண்டோம். மாலையில் மருமகள் ஜெபிக்கும்போது மாமியார் வெளியே சென்று திண்ணையில் அமர்வார். ஜெபம் முடிந்ததும் மருமகள் அவர்க்கு வெந்நீர் கொண்டுவந்து கால் பிடித்துவிடுவார். இருவருள் எவரும் மற்றவரைத் தம் வழிக்கு இழுத்ததை அந்த ஏழு நாளில் யாம் காணவில்லை. குறையுள்ள இல்லத்தின் நிறைவு இத்தகைய சிறு செயல்களிலேதான் குடியிருக்கின்றது.

ஆனால் குற்றம் வேறு. இவ்விடத்தில் நம் திருச்சபையாரும் பெரியோரும் பலகாலும் வழி தவறியிருக்கின்றனர் என்பதைப் பணிவோடு கூறுவோம். புனித அகுஸ்தீனார் தம் ‘அறிக்கைகள்’ என்னும் நூலின் ஒன்பதாம் பகுதியில் தம் தாய் மோனிக்காளின் இல்லறத்தை வருணிக்கின்றார். கணவன் பத்திரீசியு கடுஞ்சினமுடையவன், நெடுங்காலம் கிறிஸ்தவனல்லன். அவன் சினந்திருக்கும் வேளையில் எதிர்த்துப் பேசாது, தணிந்தபின் தன் பக்கத்து நியாயத்தை அவள் எடுத்துரைப்பாள். வேலைக்காரர் கோளால் வெறுத்திருந்த மாமியாரையும் பொறுமையால் வென்றாள். இவையெல்லாம் போற்றத்தக்கன. ஆயின், கணவன்மாரால் அடியுண்டு முகத்தில் வடுவோடு வந்த பிற மகளிர்க்கு, அவர்தம் நாவே காரணம் என அவள் அறிவுரை கூறியதாகவும் அந்நூல் சொல்கின்றது. அவ்வறிவுரை அடித்த கையை விசாரியாமல் அடியுண்டவளின் நாவை விசாரித்தது. 387-இல் இறந்த அவ்வம்மையார் தம் காலத்து வழக்கைக் கூறினார் என அமைதி கொள்ளலாம். இக்காலத்தில் அதனை வழிமொழிவார்க்கு அவ்வமைதியும் இல்லை.

எமக்கு உணவளித்த அம்மையார் இவ்வேறுபாட்டை எந்நூலையும் படியாமலே அறிந்திருந்தார். புறப்படுவதற்கு முந்திய இரவு அவர் தம் வாழ்வில் நடந்த ஒன்றைச் சொன்னார். சில ஆண்டுகட்கு முன் அவர் கணவர் குடிக்கு அடிமையாகிக் கைநீட்டலானார். அம்மையார் பிள்ளைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு அடுத்த ஊரிலிருந்த தம் அண்ணன் வீட்டுக்குச் சென்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, ஊர்ப் பெரியவர்களும் உபதேசியாரும் முன்னிருக்கக் கணவர் வாக்குக் கொடுத்த பின்னரே திரும்பினார். “வீடு ஒழுகினால் குண்டான் வைக்கலாம். இதற்கு என்ன வைப்பது? மூடி வைத்திருந்தால் அவரும் கெட்டிருப்பார், நானும் செத்திருப்பேன்” என்றார். மருமகள் வெளியேறிய நாளில் அவருக்காக மகனை முதலில் வைதவர் அக்கடுஞ்சொல் மாமியாரே என்பதையும் சிரிப்போடு கூறினார். “இதைப் பிறர்க்கும் சொல்லுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்” என்பது அவர் எமக்கு இட்ட கட்டளை.

நாட்டின் சட்டமும் அவர் பக்கமே நிற்கின்றது. 2005-இல் இயற்றப்பட்டு 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறைக்கு வந்த, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், உடலைத் துன்புறுத்தலை மட்டுமன்றிச் சொல்லாலும் மனத்தாலும் பொருளாலும் துன்புறுத்தலையும் வன்முறையென வகுக்கின்றது. வாழும் வீட்டில் தொடர்ந்து வாழும் உரிமையையும் பெண்ணுக்கு அளிக்கின்றது. 181 என்னும் தொலைபேசி எண் மகளிர் உதவிக்கென்றே அமைந்தது. குற்றத்தை வெளிப்படுத்துவது போதுமென்ற மனத்துக்கு மாறன்று. அது குற்றம் செய்தவன் திருந்துவதற்கும் வாயிலாகும்.

குற்றம் எல்லாம் இல்லத்தினுள்ளேயே பிறப்பதுமில்லை. 2015 ஏப்ரல் 7-இல் ஆந்திர நாட்டுச் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர் எனக் கூறப்பட்ட 20 பேர் அம்மாநிலக் காவலரால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர் தமிழ்நாட்டினர்; ஜவ்வாது மலையினரும் அவருள் இருந்தனர். மலையில் போதிய கூலியின்மையே பலரை அத்தகைய ஆபத்தான வேலைக்கு இழுத்தது. அவர்தம் இல்லங்களில் எஞ்சிய மனைவியரை நோக்கி, ‘உள்ளதைக்கொண்டு நிறைவு கொள்க’ என்று மட்டும் கூறிவிட்டு நாம் அகல முடியுமோ? வறுமையில் உள்ளம் உடையாதிருத்தல் அவர்க்குக் கிடைக்கும் அருள். அவ்வறுமையைத் தீர்க்க முயலுதல் நமக்கு விதித்த கடமை. அவர்க்குரிய அருளைக் காட்டி நமக்குரிய கடமையினின்றும் தப்புதல் அறமாகாது.

இறுதியாக, இல்லத்தில் உடன் வாழும் ஏனையோரின் பங்கைக் கூறி அமைவோம். 2019-இல் இந்திய அரசு எடுத்த காலப்பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண்டிர் நாளொன்றுக்கு 299 நிமிடமும், ஆடவர் 97 நிமிடமும் அதிற் செலவிட்டனர். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. இல்லாளின் மனநிறைவைப் பற்றிப் பிரசங்கம் செய்வோர் பெரும்பாலும் இரண்டாம் எண்ணுக்கு உரியவர் என்பது கருதத்தக்கது. நம் பெத்தானியா வீட்டுக் கதையிலும் மார்த்தாள் வேலை செய்ததற்காகக் கடிந்துகொள்ளப்படவில்லை. பலவற்றைப் பற்றிக் கவலையுற்றுக் கலங்கியதற்காகவே அன்போடு திருத்தப்பட்டாள். அவ்வீட்டில் அன்று இருந்த ஏனையோருள் ஒருவர் எழுந்து நீர் முகந்து தந்திருந்தால் அக்கலக்கம் பாதியாகக் குறைந்திருக்கும் என்பது எம் எளிய கருத்து.

எனவே, குறையுள்ள இல்லத்தில் நிறைவு காணுதல் என்பது இல்லாள் ஒருத்தியே தனித்துச் சுமக்கும் நோன்பன்று. குறையை அன்போடு தாங்குதல், குற்றத்தை மறையாது திருத்துதல், பிறர் நீட்டும் உதவியை நாணாது ஏற்றல், உடன் வாழ்வோர் தத்தம் பங்கைத் தாமே எடுத்துக்கொள்ளுதல் ஆகிய நான்கும் ஒருங்கே அமையுமிடத்தில் ஓட்டைக் கூரையின் கீழும் மனரம்மியம் தங்கும்.

முகாம் முடிந்து வீடு திரும்பியபின் யாம் அவ்வம்மையாரின் கட்டளைப்படி எம் அன்னையரைக் கேட்டோம். விடைகள் பலவாறாயிருந்தன. ஒருவர் சிரித்தார், ஒருவர் சற்று நேரம் பேசாதிருந்து, “இத்தனை நாள் யாரும் கேட்கவில்லையே” என்றார். இதனைப் படிக்கும் மாணவ நண்பர்களும், ஆசிரியப் பெருமக்களும், இக்கல்லூரியினின்று சென்று இன்று இல்லறம் நடத்துவோரும் தத்தம் வீட்டில் அவ்வினாவை ஒருமுறை கேட்பாராக. கேட்டபின், மறுநாள் காலையில் அவர்க்கு முன் ஒருநாளேனும் எழுவாராக.